பட்டியல்படி உள்ளே இருக்கிறான்

செஞ்சியில் கொரோனாவை ஒழிக்க அரசாங்கம் முதலில் பிடித்த இடம் ஒரு கல்யாண மண்டபம். அதிலும் மணமகள் அறை. ஏசி அங்கே மட்டும்தான் இருந்தது. பெண்ணுக்குப் பூ வைக்கிற மேசைமேல் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்து, வாசலில் 'சிறப்புக் கட்டுப்பாட்டு அறை' என்று ஒரு ஃபிளெக்ஸைக் கட்டிவிட்டால் கட்டுப்பாடு தானாக வந்துவிடும் என்று யாரோ ஒருவர் மேலே உட்கார்ந்து நம்பியிருக்கிறார்.

அந்த இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்று வெண்மதியுடையது. பி.எஸ்சி. முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஆதார் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தவள். மூன்று மாத ஒப்பந்தத்துக்கு ஆள் எடுத்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், டைப்பிங் வேகமாக வருமா என்று. வரும் என்றாள். சரியாக வருமா என்று கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அறைக்குத் தலைவர் சிறப்பு அலுவலர் தனசேகரன். வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர். காலையில் வந்ததும் ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை வீட்டுக்குத் தகரம் அடித்தாயிற்று என்று தினமும் கேட்பார். அவருக்கு மேலே இருக்கிறவர்களும் அதைத்தான் கேட்டார்கள் என்பதால் அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆனாலும் வெண்மதி திட்டினாள், மனசுக்குள்.

திட்டுவதற்கு விஷயமா இல்லை! மார்ச்சில் தட்டைத் தட்டச் சொன்னார்கள், தட்டினோம். ஏப்ரலில் ரோடு முழுக்க பிளீச்சிங் பவுடரைக் கோலமாவுபோலக் கொட்டினார்கள். ரோட்டுக்கு நோய் வந்ததா என்ன? மார்க்கெட் வாசலில் மருந்துத் தண்ணீர் பீய்ச்சும் குகை ஒன்றை ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். பத்தே நாளில் அது உடம்புக்குக் கெடுதல் என்று மேலிருந்து கடிதம் வந்தது, இழுத்து மூடினார்கள். திறந்தபோது போட்டோ எடுத்த யாரும் மூடும்போது வரவில்லை. இதற்கு நடுவில், நாளைமறுநாள் முதல் சென்னையில் எல்லாம் மூடல் என்று ஒருநாள் மாலை அறிவிப்பு வந்தது. ஒருநாள் அவகாசம் கொடுத்தால் சனம் எங்கே போகும்? மொத்தமும் கோயம்பேடு மார்க்கெட்டில் போய் விழுந்தது. அங்கே மூட்டை தூக்கிய பிள்ளைகள் பிறகு லாரியிலும் பைக்கிலும் ஊர் ஊராகத் திரும்பினார்கள். அவர்கள் திரும்பி வந்து நாலு நாள் கழித்துத்தான் அரசாங்கத்துக்கு அவர்கள் ஞாபகம் வந்தது.

மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு மாவட்டத்திலிருந்து பட்டியல் வந்தது. செஞ்சி வட்டாரத்துக்குக் கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்கள் நாற்பத்து மூன்று பேர். பேர் இருந்தது, ஆதார் எண் இருந்தது, போன் நம்பர் இருந்தது. முகவரி மட்டும் இல்லை.

"ஆறு மணிக்குள்ள அட்ரஸ் ஏத்தி அனுப்பணும்மா" என்றார் தனசேகரன்.

வெண்மதி ரேஷன் கார்டு பதிவைத் திறந்து, ஆதார் எண்ணைப் போட்டு, எந்தக் கார்டில் பேர் வருகிறதோ அந்த முகவரியை எடுத்து ஏற்றினாள். ஐந்தே முக்காலுக்கு முடித்துவிட்டாள். தனசேகரன் "சூப்பர்" என்றார்.

இந்த ஊரில் கார்டு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? அவள் அண்ணன் வீரமணி திருப்பூருக்குப் போய் எட்டு வருஷம் ஆகிறது. அங்கேயே கல்யாணம், அங்கேயே குழந்தை. இன்றைக்கும் அவன் பேர் அப்பா ஜெயராமன் கார்டில்தான் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு அரிசி என்கிறபோது எந்த வீட்டில் பேரை எடுப்பார்கள்? எடுக்கப் போனாலும் நீக்கல் சான்று வாங்க நாலு நாள் அலையவேண்டும். கல்யாணமாகிப் போனவன், வெளியூரில் வேலை பார்ப்பவன், எல்லாரும் கார்டில் பத்திரமாக வீட்டோடு இருப்பார்கள். இது ரேஷன் கடைக்காரருக்குத் தெரியும், தாசில்தாருக்குத் தெரியும், தெரு நாய்க்கும் தெரியும். நாற்பத்து மூன்று பேருக்கும் போன் போட்டு, "எங்கே இருக்கீங்க?" என்று கேட்டிருந்தால் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த இரண்டு மணி நேரம்தான் இருந்தது. ஆனால் போன் போட்டுக் கேட்டுவிட்டு டைப் அடிக்க நேரம் இருக்காதே என்று அவள் போடவில்லை.

புதன்கிழமை காலையிலேயே நாற்பத்து மூன்று வீடுகளுக்குத் தகரம் அடித்தார்கள். வாசலை மறைத்து இரண்டு ஷீட்டு, அதன்மேல் ஒரு ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் கட்டுப்பாட்டு அறையின் போன் நம்பர். அந்த நம்பருக்கு வியாழக்கிழமை காலை ஒரு போன் வந்தது. வெண்மதிதான் எடுத்தாள்.

"யாரும்மா பேசறது?"

"கன்ட்ரோல் ரூம். வெண்மதி பேசறேன்."

"நம்ம ஜெயராமன் பொண்ணா? நான் சர்தார் பாய்ம்மா. பிரியாணி மாஸ்டரு. உங்க நைனா எங்கூட பிரியாணி அண்டா, தேக்சால்லாம் தூக்கனவரு."

அவளுக்குத் தெரியும். செஞ்சியைச் சுற்றிப் பாதி ஊர்க் கல்யாணத்துக்கு அவர் கைப் பிரியாணிதான். இதே மண்டபத்தில் எத்தனையோ முறை அடுப்பு மூட்டியவர்.

"சொல்லுங்க பாய்."

"எம் பையன் அஸ்ஃபாக் பேர போட்டு வாசல அடைச்சிட்டுப் போயிட்டாங்க. அவன் இங்க இல்லம்மா. ரெண்டு வருசமா திண்டிவனத்துல மாமியார் வூட்ல இருக்கான். கோயம்பேட்டுலேர்ந்து நேரா அங்கதான் போனான். மாடில ஷீட்டுக் கொட்டாய்ல தனியா படுத்துக்குனு இருக்கான், பொண்டாட்டியக் கூடக் கிட்ட வுடல. இங்க நானும் அவன் அம்மா கமர் ஜஹானும்தான் இருக்கறோம். அவளுக்கு நாளைக்கு விழுப்புரத்துல டயாலிசிஸ்மா. செவ்வாயும் வெள்ளியும் போயாவணும். ஒரு நாளு வுட்டாலும் தண்ணி கோத்துக்கும், மூச்சு இழுக்கும். நோம்பு வச்சிக்குனு பொய் சொல்லல. நீ வந்து பாரு."

அவர் வீட்டு முகவரி வெண்மதி தன் கையால் ஏற்றியது. உடனே எழுந்து தனசேகரனிடம் போனாள்.

"சார், சர்தார் பாய் வூட்டுக்குத் தப்பா அடிச்சிட்டோம் சார். அந்தப் பையன் அங்க இல்ல."

"லிஸ்ட்ல பேர் இருக்கா?"

"இருக்குது சார். அட்ரஸ் நான் ரேஷன் கார்டுலேர்ந்து எடுத்தது. அதுதான் தப்பு."

"ரேஷன் கார்டு யாரும்மா குடுத்தது? கவர்மெண்ட்தானே? அப்ப கவர்மெண்ட் ரெக்கார்டுபடி அவன் உள்ளதான் இருக்கான்."

"ஆள் இல்ல சார்!"

"ஆள் இல்லன்னா சாம்பிள் எடுக்க முடியாது. சாம்பிள் எடுக்காம நெகட்டிவ் வராது. நெகட்டிவ் வராம தகரத்த எடுக்க முடியாது. இதுல நான் என்ன பண்றது, சொல்லு?"

இதை அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். அதுதான் வெண்மதிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"லிஸ்ட்ட திருத்திடலாமே சார்?"

"அது மாவட்டத்துக்குப் போய் சென்னைக்கும் போயாச்சு. அதத் திருத்த உனக்கும் அதிகாரம் இல்ல, எனக்கும் அதிகாரம் இல்ல. நாளைக்கு ஆய்வுக் குழு வருது. நம்ம ஆரம்பகட்ட நடவடிக்கைக்கு மார்க் போடப்போறாங்க. நாப்பத்து மூணுன்னு சொல்லிட்டு நாப்பத்திரண்டக் காட்டினா, ஒருத்தன் தப்பிச்சு ஓடிட்டான்னு எழுதுவாங்க."

"அந்தம்மாவுக்கு டயாலிசிஸ் சார்."

"ஆம்புலன்ஸக் கூப்பிடச் சொல்லு."

அங்கே நின்றபடியே அவளே கூப்பிட்டாள். டயாலிசிஸ் என்பது எமர்ஜென்சி இல்லை, அப்பாயின்ட்மென்ட் என்றார்கள். அப்படியே ஏற்றுவதானாலும் தகரம் அடித்த வீட்டிலிருந்து ஆளை வெளியே எடுக்கக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும் என்றார்கள். கட்டுப்பாட்டு அறை என்றால் யார்? எதிரே ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற தனசேகரன்தான். அவரிடம் கேட்டால் முதலில் நெகட்டிவ் வரட்டும் என்கிறார்.

அவள் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணு. அந்தப் பையன இங்க வரச் சொல்லு. உள்ள இருந்தான்னா நாளைக்கே சாம்பிள் எடுத்துடலாம். மறுநாள் ரிசல்ட். தகரத்த எடுத்துட்டுப் போயிடுவோம்."

"அவன் கோயம்பேட்டுலேர்ந்து வந்தவன் சார். அங்க தனியா இருக்கான். இங்க ஒரே ரூமு, ஒரு சமையல்கட்டு. அந்தம்மா உடம்பு இருக்கற நெலமையில..."

"நான் வரச் சொன்னேன்னு எங்கயாவது எழுதியிருக்கா? அவசரம் உனக்குத்தான்."

இப்படி ஒரு புத்திசாலித்தனத்தை எந்தக் கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள் என்று வெண்மதி வியந்தாள். ஒரு வரியைத் திருத்த முடியாது, ஆனால் அந்த வரிக்குத் தோதாக ஒரு மனுஷனை முப்பது கிலோமீட்டர் இழுத்து வரலாம். வியந்துவிட்டு, போனை எடுத்து அஸ்ஃபாக்கைக் கூப்பிட்டதும் அவள்தான்.

அவன் விஷயம் இன்னும் கேவலம். திண்டிவனத்தில் அவனே போய் டெஸ்ட் எடுங்கள் என்று கேட்டிருக்கிறான். உன் பேர் எங்கள் பட்டியலில் இல்லை, செஞ்சிப் பட்டியலில் இருக்கிறது, அங்கே போய் எடு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் பண்ணல. ஆனா உள்ள இருந்துச்சின்னா? அம்மா வேற அப்டி இருக்குது."

"ஒரு நாளு, ரெண்டு நாளுதான். நீ வந்தாத்தான் அவங்க வெளிய போவ முடியும். வாய்ல துணியக் கட்டிக்கோ. ஒண்ணும் ஆவாது."

ஒன்றும் ஆகாது என்று சொல்ல அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெரியாமலேதான் சொன்னாள்.

அஸ்ஃபாக் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தான். ஏற்கெனவே உள்ளே இருப்பவன் வாசல் வழியாக வரமுடியாது என்பதால், பக்கத்து வீட்டின் பின்சுவரில் ஏணி வைத்து ஏறிக் குதித்தான். டூரிஸ்ட் வராததால் பசியில் கோட்டை மலையை விட்டு இறங்கியிருந்த குரங்குகள் நாலைந்து தகரத்தின்மேல் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தன. அந்தத் தெருவில் அனுமதி இல்லாமல் வீட்டுக்கு வீடு போய்வந்த பிறவிகள் அவை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர், நாலு கார். விடியற்காலையில் தெருவுக்குப் புதுசாக பிளீச்சிங் பவுடர். தகரங்களை ஈரத்துணியால் துடைக்க ஆள் போட்டிருந்தார்கள். சாம்பிள் எடுக்கிற ஊழியர்கள் நீல உடுப்போடு மண்டப வாசலில் மூன்று மணி நேரம் வெயிலில் வரிசையாக நின்றார்கள், காட்டுவதற்காக. அதனால் அன்றைக்கு ஊரில் ஒருத்தருக்கும் சாம்பிள் எடுக்கவில்லை.

குழு சர்தார் பாய் வீட்டு முன்னால் நின்றபோது அவர் தகரத்துக்குப் பின்னாலிருந்து கத்தினார். "ஐயா, இன்னிக்கு டயாலிசிஸ் ஐயா! வண்டி கூட நான் வச்சிக்கறேன், வாசல மட்டும் தெறங்க!"

குழுவின் தலைவி வடக்கத்திக்காரர். என்ன சொல்கிறார் என்று தனசேகரனிடம் கேட்டார். மளிகைச் சாமானெல்லாம் நேரத்துக்கு வருகிறது என்று நன்றி சொல்கிறார் என்றார் தனசேகரன். அந்த அம்மாள் தகரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். இரண்டடி பின்னால் நோட்டோடு நின்றுகொண்டிருந்த வெண்மதி வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று அவள் தன்னையே இன்றுவரை கேட்டுக்கொள்கிறாள். மூன்று மாத ஒப்பந்தம், அப்பாவுக்கு வேலை இல்லை, கல்யாணமே நடக்காத ஊரில் தேக்சா தூக்க யார் கூப்பிடுவார்கள். காரணம் வேண்டுமானால் எத்தனையோ சொல்லலாம்.

சனிக்கிழமை மத்தியானம் சாம்பிள் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லேபில் கூட்டம். அதற்குள் கமர் ஜஹானுக்குக் காலும் முகமும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. உட்காரவைத்தால் தலை சாய்ந்தது. மூன்று ராத்திரியும் அஸ்ஃபாக்தான் சுவரோரம் உட்கார்ந்து அம்மாவைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். வாயில் துணி கட்டியிருந்தான். துணியாவது ஒன்றாவது. அவள் மூச்சுக்குத் தவித்து அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது எந்தப் பிள்ளை ஆறடி தள்ளி நிற்பான்?

திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது. அஸ்ஃபாக், பாசிட்டிவ்.

இப்போது ஆம்புலன்ஸ் இருபது நிமிஷத்தில் வந்தது. ஐந்து நாளாகத் திறக்காத தகரம் ஐந்தே நிமிஷத்தில் கழன்றது. மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமை எடுத்த சாம்பிளில் கமர் ஜஹானுக்கும் வந்திருந்தது. ரத்தம் சுத்தம் செய்ய முடிகிற நிலையை அவள் உடம்பு தாண்டிவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தாள். சர்தார் பாய் ஒரு வார்டில், மகன் இன்னொரு வார்டில். உடுப்பு மாட்டிய நாலு பேர் ஊர் பேர் தெரியாமல் அடக்கம் செய்தார்கள். அறுபது வயசுக்காரர் தன் மனைவிக்கு ஒரு பிடி மண் போட முடியவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஆய்வுக் குழுவின் மதிப்பீடு வந்தது. தனசேகரன் அதை மணமகள் அறையில் எல்லாரையும் நிற்கவைத்து வாசித்தார். ஆரம்பகட்ட நடவடிக்கை: மிகச் சிறப்பு. அதிலும் ஒரு வீட்டைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். நோய் உறுதியாவதற்கு ஐந்து நாள் முன்பே அந்த வீட்டை அடைத்தது மற்ற வட்டாரங்களும் பின்பற்றவேண்டிய முன்யோசனையாம். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த மதிப்பீட்டைப் பத்து நகல் எடுத்து வைக்கும்படி வெண்மதியிடம் சொன்னார் தனசேகரன்.

நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் சர்தார் பாய் வந்தார். ரம்ஜான் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார்.

"சார், எனக்குப் பணம் காசு எதும் வேணாம்" என்றார் தனசேகரனிடம். "எம் பையன் சோறு துன்றதில்ல. தெருவுல அல்லாரும் மவன்தான் கொண்டாந்து ஆத்தாளுக்குக் குடுத்தான்றாங்க. அவனும் அதையே சொல்றான். நான்தான் அம்மாவ சாவடிச்சேன், நான்தான் சாவடிச்சேன்னு. நீங்க தகரம் அடிச்சப்போ அவன் ஊர்லயே இல்ல, நீங்க கூப்ட்டுத்தான் வந்தான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. அது போதும்."

தனசேகரன் வருத்தப்பட்டார். உண்மையிலேயே முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார். "பாய், ரெக்கார்டு அப்படி இல்லையே? ரெக்கார்டுபடி அவரு மொதல்லேர்ந்து உள்ளதான் இருந்தாரு. இப்ப நான் இல்லன்னு எழுதினா, அவரு தனிமைப்படுத்தலை மீறி ஊர் விட்டு ஊர் வந்தாருன்னு அவர் மேலயே கேஸ் ஆயிடும். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

செய்த தப்பைச் செத்தவளின் பிள்ளை தலையிலேயே கட்டிவிட்டு, அதையும் நன்மை என்று சொல்கிற வாயைப் பார்த்தபோது வெண்மதிக்குள் ஏதோ அறுந்தது. அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். டைப் அடிக்கவில்லை, கையாலேயே எழுதினாள்.

'சர்தார் அவர்கள் வீட்டுக்குத் தகரம் அடித்த நாளில் அவர் மகன் அஸ்ஃபாக் செஞ்சியில் இல்லை. ரேஷன் கார்டைப் பார்த்து அந்த முகவரியை ஏற்றியது நான். தப்பு என்று மறுநாளே தெரிந்தது. இருந்தும் நாங்கள் தகரத்தை எடுக்கவில்லை. அஸ்ஃபாக்கை வரச்சொன்னது நான். சொல்லச்சொன்னது சிறப்பு அலுவலர். அவர் தாயாருக்குப் போகவேண்டிய டயாலிசிஸுக்கு அனுப்பாமல் வைத்திருந்தது இந்த அறை.'

கையெழுத்துப் போட்டாள். தனசேகரன் மேசையிலிருந்த முத்திரையை எடுத்து அழுத்திக் குத்தினாள்.

"ஏய், என்ன பண்ற? அதுக்கு உனக்கு என்ன அதிகாரம் இருக்கு? நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வரவேண்டாம்!"

"நாளையிலேர்ந்து எதுக்கு சார், இப்பவே போறேன்" என்று அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் சர்தார் பாய் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "நீயே வந்து குடும்மா. நான் குடுத்தா, அத்தா ஆறுதலுக்கு எங்கயோ எழுதி வாங்கியாந்தாருன்னு நெனைப்பான்."

போனாள். அஸ்ஃபாக் அந்த ஒற்றை அறையில் சுவரோரம், அம்மாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். தாளை வாங்கி ஒருமுறை படித்தான், பிறகு மறுபடியும் படித்தான்.

"நான் வராம இருந்திருந்தா அம்மா பொழச்சிருக்குமாக்கா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். "தெரியாது அஸ்ஃபாக். ஆனா வெள்ளிக்கிழம டயாலிசிஸ் போயிருந்தாங்கன்னா இருந்திருப்பாங்க. அதுக்கு நீ வரவேண்டிய அவசியமே இல்ல. லிஸ்ட்டுல ஒரு வரிய அடிச்சி, கீழ சீல் வச்சி, வாசலத் தெறன்னு ஒரு லெட்டர் எழுதியிருந்தாப் போதும்."

"ஏன் எழுதல?"

"எனக்கு அதிகாரம் இல்லன்னு சொன்னாங்க. நானும் சரின்னு இருந்துட்டேன்."

அவன் தாளின் அடியில் இருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தான். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"இன்னிக்கு மட்டும் இருந்துச்சாக்கா?"

அந்த முத்திரை, சர்தார் பாய் போன் செய்த அந்த வியாழக்கிழமையும் அதே மேசைமேல்தான், அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.